யூதர்களும் 613 கட்டளைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யூதர்களைப் பற்றித் தமிழில் பேச்சு எடுத்தால் ஒன்று அது இஸ்ரேல் அரசியலுக்குப் போகிறது, இல்லையென்றால் பைபிள் கதைகளோடு நின்றுவிடுகிறது. நடுவில் இருக்கும் அன்றாட வாழ்க்கை, அதாவது காலையில் எழுந்ததும் என்ன செய்கிறார்கள், எதைச் சாப்பிடுகிறார்கள், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏன் அப்படிப் பரபரக்கிறார்கள் என்பதெல்லாம் அதிகம் பேசப்படுவதில்லை. அந்த வாழ்க்கை 'மிட்ஸ்வா' என்ற ஒன்றைச் சுற்றித்தான் ஓடுகிறது. அதைப் பற்றி வழக்கமாக வரும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே போட்டிருக்கிறேன். நான் யூதன் இல்லை, படிக்கிற ஆள் மட்டும்தான். கருத்து சொல்லும் இடங்களில் அது என் கருத்து என்று தெரியும்படியே எழுதியிருக்கிறேன்.

மிட்ஸ்வா என்றால் என்ன?

தோராவில், அதாவது பைபிளின் முதல் ஐந்து ஆகமங்களில், கடவுள் இட்ட கட்டளை. வழிபாடு, விரதம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். கூலிக்காரனுக்கு அன்றைய கூலியை அன்றைக்கே கொடு என்பது ஒரு மிட்ஸ்வா. மொட்டை மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டு, யாராவது விழுந்துவிடப் போகிறார்கள் என்பது இன்னொன்று. பாலையும் இறைச்சியையும் சேர்க்காதே, ஏழாம் நாள் வேலை செய்யாதே, வாசல் நிலையில் வேத வாசகத்தை மாட்டு என்பவையும் அதே பட்டியலில்தான் இருக்கின்றன. தொழிலாளர் சட்டம், கட்டட விதி, சமையல், பூஜை எல்லாம் ஒரே தட்டில். யூத மதத்தைப் புரிந்துகொள்ள இதுதான் நல்ல நுழைவாயில் என்று எனக்குப் படுகிறது.

613 என்ற கணக்கு எங்கிருந்து வந்தது?

தல்மூத்தில், அதாவது யூதச் சட்ட விவாதங்களின் பழைய தொகுப்பில், ரப்பி (மத ஆசான்) சிம்லாய் சொன்னது. 'செய்யாதே' என்பவை 365, வருடத்தின் நாட்களைப் போல. 'செய்' என்பவை 248, அக்காலத்தவர் எண்ணிய உடல் உறுப்புகளைப் போல. ஆனால் அந்த 613-ம் எவை எவை என்று அவர் பட்டியல் போடவில்லை. அது பிற்காலத்து அறிஞர்களுக்குப் பெரிய தலைவலியாகிவிட்டது. 12-ஆம் நூற்றாண்டில் மைமோனிடிஸ், இவர் எகிப்தில் வாழ்ந்த மருத்துவர், தத்துவவாதி, ஒரு பட்டியல் போட்டார். அடுத்த நூற்றாண்டில் நாக்மானிடிஸ் வந்து பல இடங்களில் அதை மறுத்தார். எண்ணிக்கையில் ஒத்துப்போய், எண்ணும் முறையில் சண்டை போடுவது யூத அறிஞர்களுக்கே உரிய சுகம்.

அதே தல்மூத் பக்கத்தில் அடுத்து வருவது இன்னும் சுவாரசியம். 613-ஐ தாவீது அரசர் 11 ஆகச் சுருக்கினார், பிறகு தீர்க்கதரிசிகள் ஏசாயா 6 ஆக, மீகா 3 ஆக என்று இறங்கிக்கொண்டே போய், கடைசியில் ஆபகூக் ஒன்றே ஒன்றில் நிறுத்தினார் என்கிறது: நீதிமான் தன் விசுவாசத்தால் பிழைப்பான். ஆனால் அதைச் சொன்னதற்காக மீதி 612-ஐ யாரும் தூக்கிப் போடவில்லை!

அத்தனையையும் ஒருவர் செய்ய முடியுமா?

முடியாது. எருசலேம் ஆலயம் கி.பி. 70-இல் ரோமானியர்களால் இடிக்கப்பட்டது, அதோடு பலி தொடர்பான கட்டளைகள் நின்றுபோயின. சில குருக்களுக்கு மட்டும், சில அரசனுக்கு மட்டும், சில இஸ்ரேல் மண்ணில் விவசாயம் செய்பவருக்கு மட்டும். ஹஃபெட்ஸ் ஹயிம் என்று அழைக்கப்பட்ட போலந்து ரப்பி, இன்று எங்கே வாழும் யூதருக்கும் பொருந்துபவை என்று பிரித்துப் பார்த்தபோது செய்ய வேண்டியவை 77, விலக்க வேண்டியவை 194 என்று கணக்கு வந்தது.

கடவுள் நம்பிக்கை இருந்தால் போதாதா? எதற்கு இத்தனை சடங்கு?

இந்தக் கேள்வியில்தான் எல்லாமே இருக்கிறது.

சீனாய் மலையில் தோராவைக் கேட்ட மக்கள் சொன்னதாக யாத்திராகமத்தில் ஒரு வாக்கியம் வருகிறது: 'செய்வோம், கேட்போம்.' யூத மரபு அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டது. முதலில் செய்வது, புரிவது அப்புறம். மனதில் பக்தி பொங்கி அது செயலாக வெளியே வரும் என்று காத்திருந்தால் பெரும்பாலான நாட்களில் ஒன்றும் நடக்காது, ஏனென்றால் பெரும்பாலான நாட்களில் மனது எங்கேயோ மேய்ந்துகொண்டிருக்கும். ஆகவே கையைச் செய்யவிடு, மனது பின்னாலேயே வரும் என்பதுதான் வாதம். 13-ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில், கட்டளைகளை ஒவ்வொன்றாக விளக்கிய ஒருவர் (பெயர் போடாமல் எழுதினார்) இதை ஒரே வரியில் சொன்னார்: செயல்களின் பின்னால் இதயங்கள் இழுபடுகின்றன. நல்லவன் கெட்ட காரியத்தையே தினமும் செய்துகொண்டிருந்தால் கெட்டுப்போவான், கெட்டவன் தினமும் நல்லதைச் செய்துகொண்டிருந்தால், எந்த நோக்கத்தில் செய்தாலும், மெல்ல மாறுவான் என்பது அவர் கணிப்பு.

மைமோனிடிஸ் இதற்குக் கொடுக்கும் உதாரணம் இன்னும் கச்சிதமானது. உங்களிடம் தானம் செய்ய 1000 நாணயங்கள் இருக்கின்றன. ஒரே ஆளுக்கு ஒரே தடவையில் கொடுப்பது நல்லதா, ஆயிரம் தடவை ஒவ்வொன்றாகக் கொடுப்பது நல்லதா? ஒவ்வொன்றாகக் கொடுப்பதுதான் என்கிறார். மொத்தத் தொகை ஒன்றுதான், ஆனால் ஆயிரம் தடவை கையைத் திறந்தவனுக்குக் கொடுப்பது சுபாவமாகிவிடும்; ஒரே தடவை கொடுத்தவன் ஒரு உணர்ச்சிவேகத்தில் கொடுத்துவிட்டு மறந்துவிடலாம். வாங்குகிறவர் பக்கத்திலிருந்து பார்த்தால் இதை எதிர்த்து வாதாடலாம்தான். ஆனால் அவர் பேசுவது கொடுப்பவனின் மனதைப் பற்றி.

கட்டளை என்பதற்காகச் செய்வதைவிடத் தானாக விரும்பிச் செய்வது உயர்ந்தது இல்லையா?

நமக்கெல்லாம் அப்படித்தான் தோன்றும். தல்மூத் நேர் எதிராகச் சொல்கிறது. அதற்கு ஒரு கதையும் வைத்திருக்கிறது.

அஷ்கெலோன் ஊரில் தாமா பென் நெதினா என்று ஒருவர், யூதர் அல்ல. தலைமைக் குருவின் அங்கிக்கு ஒரு ரத்தினக்கல் தேவைப்பட்டு எருசலேமிலிருந்து ஆட்கள் பெரிய விலை பேசிக்கொண்டு வருகிறார்கள். கல் இருக்கும் பெட்டியின் சாவி அப்பாவின் தலையணைக்குக் கீழே, அப்பா தூங்குகிறார். எழுப்ப மாட்டேன் என்று சொல்லி அத்தனை லாபத்தையும் விட்டுவிடுகிறார். அடுத்த வருடம் அவருடைய மந்தையில் ஒரு சிவப்புக் கிடாரி பிறக்கிறது. மோசேயின் சட்டப்படி சுத்திகரிப்புச் சடங்குக்குத் தேவையான, கிடைத்தற்கரிய மாடு. அதே ஆட்கள் திரும்ப வருகிறார்கள். உலகத்துப் பணம் முழுவதையும் கேட்டாலும் கொடுப்பீர்கள் என்று தெரியும், ஆனால் அப்பாவுக்காக அன்று நான் விட்ட தொகை மட்டும் போதும் என்கிறார். பெற்றோரை எந்த அளவுக்கு மதிக்க வேண்டும் என்ற கேள்விக்கு ரப்பிகள் உதாரணம் காட்டியது இந்த யூதரல்லாதவரைத்தான். இது கவனிக்க வேண்டிய விஷயம்.

ரப்பி ஹனினா இதிலிருந்து எடுத்த முடிவு: கட்டளை இல்லாமலே செய்தவருக்கே இவ்வளவு என்றால், கட்டளையிடப்பட்டுச் செய்பவருக்கு எவ்வளவு! கட்டளையிடப்பட்டுச் செய்பவரே உயர்ந்தவர். ஏன்? இடைக்கால உரைகாரர்கள் சொன்ன காரணம் மனித சுபாவம் சார்ந்தது. விருப்பப்பட்டுச் செய்பவனுக்கு எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்ற சௌகரியம் உண்டு. கடமைப்பட்டவனுக்கு அது கிடையாது. 'செய்தே ஆக வேண்டும்' என்றவுடன் உள்ளே ஒரு முரண்டு பிடிக்கும், அந்த முரண்டை தினமும் ஜெயித்துத்தான் செய்கிறான்.

இதே இடத்தில் ரவ் யோசேஃப் என்ற பார்வையற்ற அறிஞர் வருகிறார். பார்வையற்றவர்களுக்குக் கட்டளைகளிலிருந்து விலக்கு உண்டு என்று ஒரு கருத்து இருந்தது. யாராவது அதுதான் சட்டம் என்று உறுதியாகச் சொன்னால் விருந்து வைப்பேன், கடமை இல்லாமலே செய்கிறேன் பாருங்கள் என்று முதலில் நினைத்தாராம். ஹனினாவின் பேச்சைக் கேட்டபிறகு, 'உனக்கு விலக்கு இல்லை' என்று யாராவது சொன்னால்தான் விருந்து என்று மாற்றிக்கொண்டாராம்.

செய்தால் என்ன கிடைக்கும்?

'சம்பளத்துக்காக எஜமானுக்கு வேலை செய்யும் ஆட்களைப் போல இருக்காதீர்கள்' என்று சோக்கோ ஊர் அந்திகோனோஸ் சொன்னது தல்மூத்துக்கு அடித்தளமான மிஷ்னா நூலில் இருக்கிறது. பென் அஸ்ஸாய் என்பவர் அதே நூலில் சொல்வது: மிட்ஸ்வாவின் பலன் இன்னொரு மிட்ஸ்வா.

ஆனால் இதை ரொம்ப சுலபமாக எடுத்துக்கொள்ள முடியாது, ஏனென்றால் தோராவே சில இடங்களில் பலன் சொல்கிறது. பெற்றோரை மதி, உன் நாட்கள் நீடிக்கும். கூட்டில் முட்டையோ குஞ்சோ எடுக்கும்போது தாய்ப்பறவையைப் போகவிடு, உன் நாட்கள் நீடிக்கும். தல்மூத் இந்த இரண்டையும் ஒன்றாக வைத்து ஒரு கொடுமையான காட்சியைக் காட்டுகிறது: அப்பா சொன்னார் என்று பையன் மரத்தில் ஏறுகிறான், தாய்ப்பறவையை விரட்டிவிட்டுக் குஞ்சுகளை எடுக்கிறான், இறங்கும்போது விழுந்து சாகிறான். இரண்டு கட்டளையையும் ஒரே நேரத்தில் செய்தவன். எங்கே நீண்ட ஆயுள்? ரப்பி யாக்கோபின் பதில், மிட்ஸ்வாவுக்கு இந்த உலகத்தில் பலன் கிடையாது, அந்த வாக்குறுதி வரப்போகும் உலகத்தைப் பற்றியது என்பது. எலிஷா பென் அபூயா என்ற பெரிய அறிஞர் இப்படி ஒன்றைப் பார்த்துத்தான் மதத்தை விட்டே போனார் என்றும் அங்கேயே ஒரு கருத்து இருக்கிறது. கேள்வி பதிலைவிடப் பெரியது என்று தெரிந்தும் அதை நூலிலிருந்து நீக்காமல் வைத்திருப்பதுதான் எனக்குத் தல்மூத்தில் பிடித்த விஷயம்.

பெருமைக்காகச் செய்தால் செல்லுமா?

செல்லும். ரவ் என்ற அறிஞரின் வாக்கு: வேறு நோக்கத்துக்காகவாவது செய்துகொண்டிரு, அதிலிருந்து உண்மையான நோக்கம் வந்து சேரும். ஆனால் திருடிச் செய்தால் செல்லாது. கூடாரப் பண்டிகையில் கையில் பிடிக்கும் பேரீச்சங்குருத்து திருட்டுப் பொருள் என்றால், எவ்வளவு பக்தியோடு ஆட்டினாலும் அது கணக்கில் சேராது.

காரணமே தெரியாத கட்டளைகளை என்ன செய்வது?

கொலை செய்யாதே என்பதற்கு விளக்கம் வேண்டாம். செம்மறியாட்டு ரோமமும் லினன் நூலும் கலந்த துணியை உடுத்தாதே என்பதற்கு? இன்றும் கட்டுப்பாடான யூதர்கள் புதுக் கோட்டு வாங்கினால் அந்தக் கலப்பு இருக்கிறதா என்று பரிசோதனை செய்ய ஆட்களிடம் கொடுக்கிறார்கள். மைமோனிடிஸ் எல்லாக் கட்டளைக்கும் காரணம் உண்டு, நமக்குத்தான் சிலது எட்டவில்லை என்றார். இந்தத் துணி விஷயத்தில்கூட, அது அக்காலப் புறமதப் பூசாரிகளின் உடை என்று விளக்கம் தேடினார்.

இதற்கு நேர் எதிர்முனையில் இருந்தவர் எஷாயாகு லைபோவிட்ஸ் (1903–1994). ரீகாவில் பிறந்து எருசலேமில் வாழ்ந்த விஞ்ஞானி, கண்டிப்பான ஆசாரவாதி, இஸ்ரேல் அரசைக் கடுமையாக விமர்சித்தவரும்கூட. மிட்ஸ்வாவுக்கு உடல்நலம், மனநிம்மதி, சமூகநலம் என்று காரணம் சொன்ன அடுத்த நிமிடமே அது கடவுளுக்குச் செய்யும் சேவை இல்லை, நமக்கு நாமே செய்துகொள்ளும் சேவை என்பார். பன்றி இறைச்சி உடம்புக்கு ஆகாது என்று விலக்குபவர் டாக்டர் சொல்வதைக் கேட்கிறார், அவ்வளவுதான். வறட்டுத்தனமான வாதம் என்று பலருக்குத் தோன்றும். ஆனால் 'நம் முன்னோர்கள் விஞ்ஞானிகள்' பாணி விளக்கங்களைக் கேட்டுச் சலித்தவர்களுக்கு லைபோவிட்ஸ் பெரிய ஆறுதல்.

ஒரு மிட்ஸ்வா நடைமுறையில் எப்படி இருக்கும்?

சப்பாத்தை, அதாவது வாராந்தர ஓய்வு நாளை எடுத்துக்கொள்வோம். வெள்ளி சூரிய அஸ்தமனத்துக்கு முன்பிருந்து சனி இரவு நட்சத்திரம் தெரியும் வரை. விலக்கப்பட்ட வேலை வகைகள் 39: விதைப்பது, அறுப்பது, மாவு பிசைவது, நெய்வது, எழுதுவது, நெருப்பு மூட்டுவது, அணைப்பது என்று போகும். மின்சார சுவிட்ச் போடுவதையும் இன்றைய ஆசார ரப்பிகள் விலக்குகிறார்கள். அதனால் அடுப்பு, விளக்கு, போன், கார் எதையும் தொடுவதில்லை. சமையல் முன்னாலேயே முடிந்தாக வேண்டும். சனி மதியத்துக்குச் சூடான சாப்பாடு வேண்டும் என்பதற்காக இறைச்சி, பீன்ஸ், பார்லி, உருளைக்கிழங்கு போட்ட பானையை வெள்ளிக்கிழமையே சிறுதீயில் ஏற்றி ராத்திரி முழுக்க விட்டுவிடுகிறார்கள். இதற்கு ஐரோப்பிய யூதர்களிடம் சோலண்ட் என்று பெயர், கிழக்கத்திய யூதர்களிடம் ஹமீன். விளக்குகளுக்கு டைமர். இஸ்ரேலில் பல ஓட்டல்களில் பட்டன் அழுத்தாமலே ஒவ்வொரு மாடியிலும் தானாக நின்று போகும் லிஃப்ட் உண்டு.

வெளியிலிருந்து பார்த்தால் தடைப்பட்டியல் மாதிரி இருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் விளக்கேற்றும் அம்மா, திராட்சை ரசக் கிண்ணம், இரண்டு முழு ரொட்டி, அவசரமே இல்லாத நீண்ட சாப்பாடு, பாட்டு. வாரத்தில் இருபத்தைந்து மணி நேரம் யாரும் போனைப் பார்ப்பதில்லை என்பதை இந்தக் காலத்தில் யோசித்துப் பாருங்கள்.

உயிருக்கு ஆபத்து என்றால்?

சப்பாத்தை மீறியே ஆக வேண்டும். மீறலாம் என்பதில்லை, மீற வேண்டும். லேவியராகமம் கட்டளைகளைச் செய்கிறவன் 'அவற்றால் பிழைப்பான்' என்கிறது. பிழைக்கத்தான், சாக அல்ல என்று தல்மூத் வாசித்தது. மூன்று மட்டும் விதிவிலக்கு: சிலை வழிபாடு, விலக்கப்பட்ட பாலுறவு, கொலை. ஆம்புலன்சைக் கூப்பிடலாமா என்று ரப்பியிடம் கேட்டுக்கொண்டு நிற்பதே தப்பு என்பது பழைய நூல்களின் நிலைப்பாடு.

சடங்கில் கண்டிப்பாக இருந்துவிட்டு அடுத்தவனை ஏமாற்றினால்?

அப்படிப்பட்டவர்கள் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள். யூதச் சட்டம் அவர்களுக்கு வழி விடவில்லை. கடவுளுக்குச் செய்த குற்றத்தை யோம் கிப்பூர் என்ற பாவநிவர்த்தி நாளின் விரதம் தீர்க்கும், சக மனிதனுக்குச் செய்ததை அவனைச் சமாதானப்படுத்தும் வரை யோம் கிப்பூரும் தீர்க்காது என்று மிஷ்னா சொல்கிறது. அதனால்தான் அந்த நாளுக்கு முன்னால் ஒருவருக்கொருவர் மன்னிப்புக் கேட்கும் வழக்கம்.

தானத்திலும் இப்படித்தான். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு என்பது பரவலான வழக்கு; ஐந்தில் ஒன்றுக்கு மேல் கொடுத்து நீயே கையேந்தாதே என்றும் சொல்கிறார்கள். மைமோனிடிஸ் தானத்தை எட்டுப் படிகளாக அடுக்கினார். மேல்படியில் இருப்பது ரகசியமாகக் கொடுக்கும் பணம் என்று நினைப்போம். இல்லை, அது அதற்கு அடுத்ததுதான். மேல்படி, ஒருவன் கையேந்தும் நிலைக்கு வருவதற்கு முன்பே கடன் கொடுத்தோ, தொழிலில் கூட்டுச் சேர்த்தோ, வேலை கொடுத்தோ தாங்கிப் பிடிப்பது.

இதைத்தானே கிறிஸ்தவ அப்போஸ்தலர் பவுல் 'நியாயப்பிரமாணத்தின் கிரியைகள்' (சட்டப்படியான செயல்கள்) என்று கண்டித்தார்?

தமிழில் பைபிள் வழியாக யூதத்தை அறிந்தவர்கள் எல்லோரும் இங்கே வந்துதான் நிற்பார்கள். பவுலின் விவாதம் அவர் காலத்துச் சூழலில் எழுந்தது, அதற்குள் நான் போகவில்லை. ஆனால் கட்டளைகளைச் செய்து கடவுளிடம் மதிப்பெண் சேர்ப்பதாக யூதர்கள் நினைக்கிறார்கள் என்பது சரியான படம் இல்லை. அவர்கள் பார்வையில் கடவுளோடு உடன்படிக்கை ஏற்கெனவே நடந்துவிட்டது. கட்டளை அதற்குள் வாழும் முறை, உள்ளே நுழைவதற்கான கட்டணம் இல்லை. மிட்ஸ்வா செய்வதில் இருக்கும் சந்தோஷத்துக்கே தனியாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், 'சிம்ஹா ஷெல் மிட்ஸ்வா'. தோராவை ஓதி முடிக்கும் பண்டிகை அன்று சுருளைத் தூக்கிக்கொண்டு ஆடுவார்கள். சட்டப் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு ஆடுகிறவர்களைப் பார்த்து 'சட்டத்தின் சுமை' என்று எப்படிச் சொல்வது?

பெண்களுக்கும் எல்லாம் உண்டா?

விலக்கல்கள் ஏறத்தாழ எல்லாம் இருவருக்கும் பொது. குறிப்பிட்ட நேரத்தில் செய்ய வேண்டியவை பலவற்றில் பெண்களுக்கு விலக்கு உண்டு என்பது மரபு. சற்று முன் பார்த்த 'கட்டளையிடப்பட்டவரே உயர்ந்தவர்' என்ற தர்க்கத்தை இங்கே பொருத்தினால் விலக்கு சலுகையா, ஒதுக்கலா என்ற கேள்வி வரும், யூதப் பெண்களே அதைக் கேட்டிருக்கிறார்கள். 1922-இல் நியூயார்க்கில் ரப்பி மொர்தெகாய் காப்ளான் தன் மகளுக்குப் பொதுவில் பாத் மிட்ஸ்வா (பெண் கட்டளைகளுக்குரிய வயதை எட்டும் சடங்கு) நடத்தினார். இன்று ஆசாரப் பிரிவுக்கு வெளியே பெண் ரப்பிகள் சாதாரணம்.

எல்லா யூதர்களும் இதைக் கடைப்பிடிக்கிறார்களா?

இல்லவே இல்லை. மதமே வேண்டாம் என்பவர்கள் ஏராளம். அமெரிக்கச் சீர்திருத்த ரப்பிகள் 1885-இல் பிட்ஸ்பர்க்கில் கூடி, உணவு விதிகள் போன்றவை இந்தக் காலத்துக்குப் பொருந்தாது என்று அறிவித்தார்கள். 1999-இல் அதே பிட்ஸ்பர்க்கில் கூடி, மிட்ஸ்வாக்கள் அனைத்தையும் படிப்போம், நம்மை அழைப்பவற்றை ஏற்போம் என்ற நிலைக்கு வந்தார்கள். இந்த நடுநிலைக்கு அழகான உதாரணம் ஜெர்மன் தத்துவவாதி ஃப்ரான்ஸ் ரோசன்ஸ்வைக். காலைத் தொழுகையில் கையிலும் நெற்றியிலும் கட்டும் வேத வாசகப் பெட்டிகளான தெஃபிலினைக் கட்டுகிறீர்களா என்று கேட்டதற்கு 'இன்னும் இல்லை' என்று பதில் சொன்னதாகப் பேச்சு. இல்லை என்று சொல்லவில்லை, கவனியுங்கள்.

ஒன்றுமே செய்யாதவன் ஒன்றே ஒன்று செய்தாலும் மதிப்பு உண்டு என்பது ஹபாத் என்ற ஆசார யூத இயக்கத்தின் வழி. 1967-இல் அவர்கள் தலைவர் ஷ்னேர்சன் தொடங்கிய தெஃபிலின் இயக்கத்தின் பலனாக இன்றும் தெருவில் மேசை போட்டு 'நீங்கள் யூதரா, இரண்டு நிமிடம் வாருங்கள்' என்று கூப்பிடுகிறார்கள்.

யூதரல்லாதவர் செய்ய வேண்டுமா?

வேண்டாம். நோவாவின் ஏழு விதிகள் போதும்: கொலை, களவு, முறைகேடான உறவு, சிலை வழிபாடு, தெய்வநிந்தை, உயிருள்ள மிருகத்தின் உறுப்பைத் தின்பது ஆகியவை கூடாது, நீதிமன்றம் அமைக்க வேண்டும். மதம் மாற வருபவரை எளிதில் ஏற்பதும் இல்லை.

நூல்கள், ரப்பிகள் இல்லாத இடத்தில் இது எப்படித் தாக்குப்பிடித்தது?

நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. கொங்கண் கரையில் வாழ்ந்த பெனே இஸ்ரேல் என்ற யூத மக்களிடம் பல தலைமுறைகளாக எபிரேய நூல்கள் இல்லை. ஆனால் சனிக்கிழமை செக்கு ஓட்ட மாட்டார்கள், அதனால் அக்கம்பக்கத்தார் வைத்த பெயர் 'சனிவார் தேலி', சனிக்கிழமை எண்ணெய்க்காரர்கள். விருத்தசேதனமும் ஷெமா என்ற ஒரே கடவுள் பிரகடன வாசகமும் சில உணவு விதிகளும் மிஞ்சியிருந்தன. போர்ச்சுகலில் 1497-இல் கட்டாயமாகக் கிறிஸ்தவர்களாக மாற்றப்பட்ட யூதர்களின் வம்சாவளியினர் பெல்மோன்ட் என்ற ஊரில் இருபதாம் நூற்றாண்டு வரை வெள்ளிக்கிழமை விளக்கை வெளியே தெரியாமல் மறைத்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இறையியல் மறந்துபோனது, செய்கை மிஞ்சியது.

லித்துவேனியாவின் கோவ்னோ கெட்டோவில் (நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த பகுதி) நடந்தது இன்னும் கனமானது. நாஜிகளின் கட்டாய வேலை முகாமுக்குப் போகும் மனிதர்கள் ரப்பி எஃப்ராயிம் ஓஷ்ரியிடம் கேள்விகள் கொண்டுவந்தார்கள். அவர் தாள் துண்டுகளில் எழுதிப் புதைத்து வைத்துப் பிறகு வெளியிட்டார். ஒரு கேள்வி: 'என்னை அடிமையாக்காதவரே' என்று தினமும் காலையில் கடவுளுக்கு நன்றி சொல்ல வேண்டும், இங்கே அடிமையாக இருந்துகொண்டு அதைச் சொல்வது பொய் இல்லையா? அவர் தீர்ப்பு: சொல்ல வேண்டும், இப்போதுதான் கட்டாயம் சொல்ல வேண்டும், நாம் அவர்களுடைய அடிமைகள் இல்லை என்று நமக்கே தெரிவதற்காக.

யூத நண்பர் வீட்டில் சப்பாத் விருந்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். என்ன கவனிக்க வேண்டும்?

வீட்டில் சமைத்து எதையும் கொண்டுபோகாதீர்கள், உங்கள் பாத்திரம் கோஷர் (யூத உணவு விதிக்கு உட்பட்டது) இல்லை. பூவோ பழமோ கொடுப்பதென்றால் வெள்ளிக்கிழமை அஸ்தமனத்துக்கு முன்பே கொடுத்தனுப்பிவிடுங்கள். போனைச் சத்தமில்லாமல் வைத்து உள்ளே போட்டுவிடுங்கள், சாப்பாட்டைப் படம் எடுக்காதீர்கள். ரொட்டிக்கு முன் கை கழுவியவர்கள் ஆசீர்வாதம் முடியும்வரை பேச மாட்டார்கள், கோபம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். முக்கியமாக, குளியலறைக்குப் போய்விட்டு வரும்போது பழக்கதோஷத்தில் விளக்கை அணைத்துவிடாதீர்கள். நாளை ராத்திரி வரை அதைத் திரும்பப் போட அந்த வீட்டில் ஆள் கிடையாது.